காயலான் கடை

பழைய இரும்பு, பித்தளை, ஓட்டை உடைசல் ஆகியவற்றை எடைக்கு வாங்கி விற்கும் கடையைத் தமிழ்நாட்டு நகரங்களில் 'காயலான் கடை' என்று வழங்குகிறார்கள். ஓடாத மோட்டார் வண்டியைக் கண்டால், "இது காயலான் கடைக்குத்தான் ஆகும்" என்பர். சில சமயம் வேலைக்கு உதவாத மனிதரைப் பற்றியும் அவ்வாறே சொல்லிச் சிரிப்பர். சிரிப்பவர்களுள் பெரும்பாலோர் அச்சொல்லுக்குள் ஓர் ஊர் அடங்கியிருப்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. ஆலிம்களையும் அருட்கவிஞர்களையும் கடல் வணிகர்களையும் ஈன்ற காயல்பட்டினமே அவ்வூர்.

பள்ளியில் பிள்ளைகளின் விண்ணப்பத் தாள்களை வாங்கிப் பார்ப்பது ஆசிரியர்களாகிய எங்கள் வேலைகளுள் ஒன்று. தந்தையின் தொழில் என்ற இடத்தில் துணிக்கடைக்காரர் மகன் 'ஜவுளி வியாபாரம்' என்று விரித்து எழுதுவான். தோல் மண்டிக்காரர் மகன் 'தோல் வியாபாரம்' என்பான். பழைய இரும்புக் கடைக்காரரின் மகன் மட்டும் 'வியாபாரம்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்வான். அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? ஹலாலான ஒரு தொழில் தன் பெயரைச் சொல்லக் கூசும்படி ஆனது எவ்வாறு? இதற்கு விடை காணச் சரித்திரத்தைச் சிறிது புரட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். வடதமிழ்நாட்டுப் பேச்சில் 'காயலா' என்றால் நோய். ஆகவே நோயுற்ற, நலிந்த பொருள்களின் கடையே காயலான் கடை என்று பொருள் கூறுவோர் உளர். கேட்க நயமாக இருப்பினும் இது பொருந்தவில்லை. தமிழில் கடைக்குப் பெயர் இரு வகையாக அமையும். ஒன்று, விற்கும் பொருளால் வருவது: மளிகைக் கடை, வளையல் கடை. மற்றது, இருந்து விற்பவரால் வருவது: செட்டியார் கடை, நாடார் கடை, பாய் கடை. 'காயலான்' என்பதன் ஈற்றிலுள்ள ஆன் விகுதி ஆளைக் குறிப்பது, நோயைக் குறிப்பதன்று. காயல் ஊரான் நடத்திய கடை காயலான் கடை. ஊரிலிருந்து புறப்பட்டுச் சென்னை முதலிய நகரங்களில் பழைய உலோக வணிகம் செய்த காயல்பட்டினத்தாரால் இப்பெயர் ஏற்பட்டது என்று மக்கள் வழக்காகச் சொல்லப்படுவதே இலக்கணத்துக்கும் ஒத்து வருகிறது. 'காயலார்' என்று சொல்லியிருக்கலாமே என்று மனம் வருந்துவோர்க்கு ஒன்று சொல்வேன்: அன்றாடப் பேச்சு எந்த வணிகனுக்கும் ஆர் விகுதியை எளிதில் கொடுத்துவிடுவதில்லை.

காயலின் பழைய பெருமை வாசகர்கள் அறியாததன்று. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தையடுத்திருந்த காயல் துறையைப் பற்றி, 1290களில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றிய கப்பல்களெல்லாம் அங்கே வந்து தங்கின என்பது அவர் தரும் செய்தி. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாண்டிய மன்னரிடம் அமைச்சராகவும் காயல் முதலிய துறைகளின் பொறுப்பாளராகவும் இருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவர் காலத்துக் காயலை இன்றைய பழைய காயல் என்று கால்டுவெல் முதலியோர் கண்டனர். ஆறு மண்ணைக் கொணர்ந்து கரையைத் தூர்க்கத் தூர்க்க, கடல் விலகிச் சென்றது. துறையும் இடம் மாறியது. சற்றுத் தெற்கே காயல்பட்டினம் இன்றும் வாழ்கிறது. (ஆற்றின் பெயரிலேயே தாமிரம், அதாவது செம்பு, இருப்பது ஒரு விந்தை. அவ்வாற்றில் செம்பு விளைவதில்லை. செம்பு வந்ததெல்லாம் கடல் வழியாகத்தான்.)

இங்கே ஏடன் என்ற துறையின் பெயரை மனத்தில் வைத்துக்கொள்வோம். காயல் புகழடைவதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதே ஏடனிலிருந்து நம் தீபகற்பத்தின் மேற்குக் கரையாகிய மங்களூருக்கு உடைந்த செம்புப் பாத்திரங்கள் கப்பலேறி வந்தன. கதையன்று இது, கடிதம் இருக்கிறது. அக்கடிதங்கள் நம் கைக்குக் கிடைத்த வரலாறும் ஒருவகையில் காயலான் கடை வரலாறே.

பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில் யூதர்களின் தொழுகையிடம் ஒன்று உண்டு. இறைவனின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று அஞ்சி, பயன்படாத தாள்களை எறியாமல் அங்கே ஓர் அறையில் போட்டு வைப்பது அவர்கள் வழக்கம். கிழிந்த முஸ்ஹஃபை நாம் குப்பையில் போடாமல் பேணுவதை ஒத்தது இது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்தத் தாள் குவியலின் பெரும்பகுதியை 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். வேதப் பிரதிகளைத் தேடியவர்களுக்கு அவற்றோடு வணிகக் கடிதங்களும் கணக்குச் சீட்டுகளும் கிடைத்தன. எழுத்து ஹீப்ரு, மொழியோ பெரும்பாலும் அரபு! தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி மரபினராகிய நமக்கு இதில் வியப்பு எழாது. ஒரு சமூகம் தான் பேசும் மொழியைத் தன் வேத எழுத்தில் எழுதிக்கொள்வது உலகெங்கும் நிகழ்ந்ததே. இக்கடிதங்களை ஆராய்வதில் பல்லாண்டு செலவிட்டவர் எஸ். டி. கோயிட்டன். அவற்றுள் ஒரு பகுதியை அவர் 1973இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இந்திய வணிகம் பற்றிய பெருந்தொகுதி அவர் மறைவுக்குப்பின் 2008இல் வந்தது.

அக்கடிதங்களில் ஆப்ரஹாம் பின் யீஜூ என்பவர் அடிக்கடி வருகிறார். துனிசியாவின் மஹ்திய்யா நகரைச் சேர்ந்தவர். 1132 முதல் 1149 வரையில் பெரும்பாலும் மங்களூர்ப் பக்கத்தில் இருந்து, மிளகு முதலியவற்றை ஏடனுக்கு அனுப்பியவர். அங்கே அவருக்கு ஒரு வெண்கலப் பட்டறையும் இருந்தது. ஏடனிலிருந்த அவருடைய வணிக நண்பர்கள் பழைய செம்பு, கட்டிச் செம்பு, வெள்ளீயம் ஆகியவற்றை அனுப்புவார்கள். நம் நாட்டுக் கன்னார்கள் அவற்றை உருக்கிக் கெண்டி, தாலம், விளக்கு, கிண்ணம் என வார்த்துத் தட்டிக் கொடுக்க, அவை மீண்டும் ஏடனுக்குக் கப்பலேறும்.

அவற்றுள் ஒரு கடிதம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. ஏடன் வணிகர் ஒருவர் தம் வீட்டில் உடைந்துபோன கெண்டி ஒன்றையும் ஆழமான கை கழுவும் படிக்கம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். எடை ஏழு ராத்தலுக்குக் கால் ராத்தல் குறைவு. இதன் உலோகம் நல்ல உலோகம். ஆகவே இதைக் கொண்டே ஐந்து ராத்தல் எடையில் எனக்கு ஒரு கெண்டி செய்து அனுப்புக என்று கேட்கிறார். கெண்டி போக எஞ்சுவதையும் அவர் விடவில்லை. கூடவே அனுப்பியுள்ள செம்போடும் ஈயத்தோடும் அதைச் சேர்த்து வேறு பாத்திரம் செய்யப் பணிக்கிறார். எண்ணிப் பாருங்கள்! ஒரு கெண்டிக்காகப் பருவக்காற்றை நம்பிப் பெருங்கடலைக் கடந்து உடைசல் வருகிறது. மீண்டும் கடலைக் கடந்து புதுக் கெண்டி போகிறது. மிளகுக்கு ஈடாக மேற்குத் திசையினர் கொடுக்க வேண்டிய பொருள்களுள் செம்பும் ஒன்று. இந்தக் கரையில் செம்பு அரிது, கைத்திறன் மிகுதி. எனவே உடைந்த பாத்திரமும் நல்ல சரக்காயிற்று.

அக்கடிதத்தில் வரும் 'ரத்ல்' என்னும் அரபு நிறையே நம் பாட்டன்மார் வழங்கிய 'ராத்தல்'. இலங்கைத் தமிழர் நாவில் அச்சொல் மிக அண்மைக்காலம் வரை இருந்தது. வெள்ளீயத்துக்கு அரபு வணிகர் இட்ட பெயர் 'கல்யீ'. கீழைக் கடலின் 'கலா' என்ற துறையிலிருந்து வந்தமையால் அப்பெயர் என்பர். அதுவே உருது வழியாக நம்மிடம் வந்து 'கலாய்' ஆயிற்று. விருந்துக்கு முன்பு பித்தளைத் தேக்சாவுக்குக் கலாய் பூசச் சொல்லும் தாய்மார்கள், ஆயிரம் ஆண்டுக் கடல் வணிகத்தின் ஒரு சொல்லையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஆக, பழைய உலோகம் வாங்குவதும் உருக்குவதும் மறுபடி பொருளாக்குவதும் நம் கடல் வணிகத்தின் நடுவீதியில் நடந்தவையே, கொல்லைப்புறத்தில் நடந்தவையல்ல. மார்க்கமும் இத்தொழிலை இழிவாக நோக்கியதில்லை. இரும்பை நபி தாவூத் (அலை) அவர்களுக்கு மென்மையாக்கிக் கொடுத்ததை இறைவன் தன் அருட்கொடையாகவே கூறுகிறான். துல்கர்னைன் அரண் எழுப்பக் கேட்டவை இரும்புத் துண்டங்களே என்று கஹ்ஃபு ஸூரா சொல்கிறது. ரஃது ஸூராவில், ஆபரணத்துக்காகவும் தட்டுமுட்டுப் பொருளுக்காகவும் உலோகத்தை உருக்கும்போது மேலெழும் நுரை ஒதுங்கிப் போக, மக்களுக்குப் பயன்படுவது பூமியில் தங்கிவிடும் என்ற உவமை வருகிறது. உலைக்களத்தின் முன் நின்றவன் மட்டுமே முழுதாய் உணரக்கூடிய உவமை அது. மக்காவில் முதன்முதலாக ஈமான் கொண்டோருள் ஒருவரான கப்பாப் (ரலி) அவர்கள் கொல்லர். குறைஷித் தலைவன் ஒருவன் அவர் செய்த வேலைக்குக் கூலி தராமல் இழுத்தடித்ததும், அதையொட்டி இறைவசனம் இறங்கியதும் ஹதீஸ் நூல்களில் காணக் கிடைக்கின்றன.

அப்படியானால் ஏளனம் எங்கிருந்து வந்தது? அதற்கும் வயது உண்டு. ரோட்ஸ் தீவில் வெண்கலத்தால் ஆன பேருருவச் சிலை ஒன்று இருந்தது. பழைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கி.மு. 226ஆம் ஆண்டையொட்டிய நிலநடுக்கத்தில் அது முழங்காலளவில் முறிந்து வீழ்ந்தது. பைசாந்திய ஆசிரியர் தியோஃபனீஸ், கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய வரலாற்றில் ஒரு செய்தி சொல்கிறார். முஆவியா (ரலி) அவர்கள் சிரியாவின் ஆளுநராக இருந்தபோது, கி.பி. 653 அளவில், முஸ்லிம்கள் தீவைப் பிடித்துச் சிலையின் உலோகத்தை எடெஸ்ஸா நகரத்து யூத வணிகர் ஒருவருக்கு விற்றனராம். அவர் அதைத் தொள்ளாயிரம் ஒட்டகங்களில் ஏற்றிச் சென்றாராம். இக்கதை ஐரோப்பியப் பாடநூல்களில் நெடுங்காலம் உலவியது. அதிசயத்தின் அருமை அறியாமல் எடைக்குப் போட்ட அராபியர் என்பதே அதன் உட்கருத்து.

இதை ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? பிலோ என்ற பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூல், சிலைக்கு 500 தாலந்து வெண்கலமும் 300 தாலந்து இரும்பும் செலவாயின என்கிறது. ஒரு தாலந்து சுமார் 26 கிலோ. ஆகவே வெண்கலம் 13 டன், இரும்பு 8 டன்னுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 21 டன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒட்டகம் ஒன்றுக்கு 200 கிலோ பாரம் என்றால் நூற்றைந்து ஒட்டகங்கள் போதும். தொள்ளாயிரம் எங்கே, நூற்றைந்து எங்கே? தவிர, பூகம்பத்தில் வீழ்ந்த விலையுயர்ந்த உலோகம் ஏறத்தாழ எண்ணூற்றெண்பது ஆண்டுகள் ஒருவர் கையும் படாமல் கிடந்தது என்பதும் நம்பத்தக்கதாயில்லை. லாரன்ஸ் கான்ராட் என்ற ஆய்வாளர் 1996இல் இக்கதையின் மூலங்களைத் துருவி ஆராய்ந்து, அது பிற்காலத்தில் ஒரு நோக்கத்தோடு புனையப்பட்டது என்று எடுத்துக் காட்டினார். தராசு பிடித்துப் பழகிய கைக்கு அந்த ஐயம் அவருக்கு முன்பே எழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பிறர் சொன்ன ஏளனத்தைக் கணக்கால் தள்ளிவிடலாம். நம் நூல்கள் இத்தொழிலின்மீது வைக்கும் கேள்வியை அவ்வாறு தள்ள இயலாது. அது வேறு வகைக் கேள்வி. ஸலாஹுத்தீன் ஐயூபி காலத்தவரான அப்துர் ரஹ்மான் ஷைஸரீ என்பவர், கடைத்தெரு மேற்பார்வையாளராகிய முஹ்தஸிபுக்கு 'நிஹாயத்துர் ருத்பா' என்ற கைந்நூலை எழுதினார். அப்பக்காரர், வாசனைப் பொருள் விற்பவர், மருத்துவர் என ஒவ்வொரு தொழிலின் திருட்டையும் அவர் அறிந்து வைத்திருக்கிறார். செம்புக் கொல்லருக்கும் இரும்புக் கொல்லருக்கும் அவர் விதிப்பதைச் சுருக்கமாகத் தருகிறேன். உடைந்த பாத்திரச் செம்பைச் சுரங்கத்திலிருந்து வந்த, இதுவரை பயன்படுத்தப்படாத செம்போடு கலக்கக் கூடாது; இரண்டையும் தனித்தனியே வார்க்க வேண்டும். பொன், வெள்ளி உருக்குவோரிடம் மிஞ்சும் கசடைச் செம்பில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் உலோகம் காய்ந்து கடினமாகி, உரலோ பாத்திரமோ கண்ணாடிபோல் உடைந்துவிடும். பழைய ஆணியை நிமிர்த்திப் புது ஆணியோடு சேர்த்து விற்கக் கூடாது. மெல்லிரும்பில் கத்தியும் கத்தரிக்கோலும் அடித்து எஃகு என்று சொல்லி விற்கக் கூடாது.

வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய செம்பை விற்காதே என்று அவர் சொல்லவில்லை. பழைய ஆணியை நிமிர்த்தாதே என்றும் சொல்லவில்லை. பழையதைப் புதியது என்று சொல்லாதே என்பதே சட்டம். அழுக்கு உலோகத்தில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது.

மாற்று வியாபாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய பித்தளைக் குடத்தை எடை போட்டு, அதற்கு ஈடாக எடை குறைந்த புதுக் குடத்தைக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இதில் வட்டி நுழைகிறதா? பொன்னையும் வெள்ளியையும் பொறுத்தவரை ஐயமே இல்லை. இனத்துக்கு இனம் மாற்றினால் எடை சமமாயிருக்க வேண்டும். செம்பிலும் பித்தளையிலும் மத்ஹபுகள் பிரிகின்றன. அவ்விரண்டும் விலைப் பொருளாக, அதாவது நாணயமாக, விளங்குவதே காரணம் என்பது ஷாஃபியீ மத்ஹபு. எனவே செம்புக்கு அந்தத் தடை இல்லை. ஒரே இனமும் நிறுத்து விற்கப்படுவதுமே காரணம் என்பது ஹனஃபீ மத்ஹபு. எனவே எடைக்கு விற்கப்படும் செம்பும் இரும்பும் அதில் அடங்கிவிடும். எண்ணி விற்கப்படும் பாத்திரத்துக்கு அவர்களிடமும் வேறு விதி உண்டு. கடற்கரையூர்களில் ஷாஃபியீகளும் உள்நாட்டில் ஹனஃபீகளும் மிகுந்துள்ள நம் நாட்டில், ஒரே தெருவிலுள்ள இரண்டு கடைகளுக்கு இரண்டு ஃபத்வா வந்தாலும் வியப்பதற்கில்லை. கைபரிலிருந்து வந்த உயர்ந்த பேரீத்தம்பழத்தின் விஷயத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி இருவருக்கும் பொது: தாழ்ந்ததைக் காசுக்கு விற்று, அக்காசைக் கொண்டு உயர்ந்ததை வாங்கிக்கொள்வது. பழையதற்கு ஒரு விலை, புதியதற்கு ஒரு விலை என்று இரண்டு சீட்டு எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்றைய கடையில் பித்தளைக் குடம் அருகிவிட்டது. வந்து குவிவன வீட்டு மோட்டார்கள். கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இந்நாட்டின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியபோது, ஏழையின் அடுக்களையில் மோட்டார் சுழலும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு குடும்ப அட்டைக்கு ஒரு மிக்ஸி, ஒரு கிரைண்டர், ஒரு மின்விசிறி என இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஒரே திட்டத்தில் வீட்டுக்கு மூன்று மோட்டார்கள்! அவற்றோடு தண்ணீர் மோட்டாரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்டால், பழைய உலோக வணிகத்தின் இன்றைய சுரங்கம் எது என்பது விளங்கும்.

மோட்டார் என்பது என்ன? மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிய ஒரு கூடு; அதன் காடிகளில் எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள்; நடுவே சுழலும் ரோட்டார்; இரண்டு பேரிங்குகள். மின்விசிறியில் இது தலைகீழ்: சுருள் உள்ளே நிலையாக நிற்க, வெளிக்கூடு சுழலும். மிக்ஸியில் சுழலும் ஆர்மேச்சரிலேயே சுருள் இருக்கும். கார்பன் பிரஷ் உராய்ந்து மின்சாரம் ஏற்றும். 'மோட்டார் எரிந்துவிட்டது' என்றால் இவையெல்லாம் எரிந்து சாம்பலாகிவிட்டன என்பது பொருளன்று. பேரிங் இறுகியோ, கெபாசிட்டர் தளர்ந்தோ, மின்னழுத்தம் குறைந்தோ, சுருளில் மின்னோட்டம் மிகுந்து சூடேறியிருக்கும். கம்பியின்மேல் முடியினும் மெல்லியதாகப் பூசிய எனாமல் கருகிச் சுற்றோடு சுற்று தொட்டிருக்கும். தாங்கும் அளவுக்குமேல் பத்து டிகிரி சூடு கூடினால் அந்தப் பூச்சின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்பொறியாளர் கணக்கு. கெட்டது பூச்சு ஒன்றே. உருக்குக் கூடும் தண்டும் உறையும் நன்றாகவே இருக்கும். செம்போ உருக்கினால் மீண்டும் செம்பு. எத்தனை முறை உருக்கினாலும் செம்பு.

ஆகவே பழைய மோட்டாருக்கு இரண்டு வழிகள். ஒன்று உடைத்து உலோகமாக்குவது. மற்றது புதிதாகச் சுற்றிக் கட்டுவது. வைண்டிங் கடைக்காரர் பழைய சுருளை அறுத்தெடுக்குமுன் ஒவ்வொரு காடியிலும் எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்வார். கம்பியின் பருமனைத் திருகு அளவியால் அளந்து சீட்டில் குறிப்பார். இணைப்பின் வரிசையை வரைந்துகொள்வார். பிறகு காடிகளைச் சுத்தம் செய்து, காப்புத்தாள் வைத்து, அதே பருமனுள்ள புதுக் கம்பியை அதே எண்ணிக்கையில் சுற்றி, நூலால் கட்டி, சோதித்து, வார்னிஷில் தோய்த்துச் சூட்டில் உலர்த்துவார். எண்ணிக்கை தவறினால் மோட்டார் ஓடாது, அல்லது ஓடி எரியும். அவசரக்காரர் சுருளை எடுக்கக் கூட்டையே நெருப்பில் போடுவதுண்டு. அப்போது தகடுகளுக்கிடையேயுள்ள காப்பும் கெட்டுவிடுகிறது. பின்பு எவ்வளவு நேர்த்தியாகச் சுற்றினாலும் மோட்டார் மின்சாரத்தை மிகுதியாகக் குடிக்கும், சூடும் குறையாது. ஆழ்குழாய் மோட்டார் தனிக்கலை: கம்பிக்குமேல் பிளாஸ்டிக் உறை, மோட்டாரின் வயிற்றுக்குள்ளேயே தண்ணீர். அதைச் சுற்றத் தெரிந்தவர் ஊருக்கு ஓரிருவரே இருப்பர்.

ஷைஸரீயின் கேள்வி இங்கேதான் மறுபடி எழுகிறது. அலுமினியக் கம்பிக்கும் செந்நிற எனாமல் பூசலாம். பார்வைக்குச் செம்புபோலவே இருக்கும். ஆனால் அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் நூற்றுக்கு அறுபது பங்குதான். கம்பியைப் பருமனாக்கி, அதற்கேற்றாற்போல் கூட்டையும் பெரிதாக்கிச் செய்தால் அதுவும் நல்ல மோட்டாரே. செம்புக்கு அளந்த காடியில் அலுமினியத்தைத் திணித்துச் செம்பு விலை வாங்கினால் அதற்குப் பெயர் வேறு. கத்தி நுனியால் கம்பியைச் சுரண்டினால் வெள்ளை நிறம் தெரிந்துவிடும். கையில் தூக்கினாலும் எடை சொல்லிவிடும். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்தின் அடர்த்தி 2.7. ஆயினும் வாங்க வரும் குடும்பத் தலைவி சுரண்டியா பார்க்கப் போகிறாள்? கடைக்காரர் வாய் திறந்து சொல்ல வேண்டும். மறுசுற்று மோட்டாரைக் கழுவி வர்ணம் அடித்துப் புது மோட்டார் வரிசையில் வைப்பதும், நிமிர்த்திய ஆணியைப் புது ஆணியோடு கலப்பதும் ஒன்றே. சென்னைப் புதுப்பேட்டையிலே பழைய வண்டிப் பாகத்தைப் பழையது என்று சொல்லியே விற்று நல்ல பெயரோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே மதிப்புக் குறைவு எதுவும் நேரவில்லை.

மறைப்பு என்பது விற்பதில் மட்டும் இல்லை, வாங்குவதிலும் உண்டு. இப்பொருள் யாருடையது, எங்கிருந்து வந்தது, இதற்குள் என்ன இருக்கிறது என்று கேளாமல் வாங்குவதும் ஒருவகை மறைப்பே. திருட்டுப் பொருள் என்றறிந்து வாங்குவது ஹராம் என்பதை நம் கடைக்காரர்கள் அறிவார்கள். அறியாமல் வரும் ஆபத்து வேறு. 2010இல் தில்லியின் மாயாபுரிப் பழைய உலோகச் சந்தைக்கு, பயனற்றது என்று ஏலம் விடப்பட்ட ஓர் ஆய்வுக்கூடக் கருவி வந்து சேர்ந்தது. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. பிரித்தவர்களுக்கு அது தெரியாது. பலர் நோயுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவருக்குக் கேட்கத் தெரியவில்லை. பிளாஸ்டிக் உறையை எரித்துச் செம்புக் கம்பி எடுக்கும் புகையும் மெல்லக் கொல்வதே. அதைச் சுவாசிப்போர் பெரும்பாலும் கூலிக்கு வரும் ஏழைச் சிறுவர்கள். உறையைச் சீவி எடுக்கும் கையியந்திரம் விலை உயர்ந்ததன்று. மின்னணுக் கழிவு விதிகளை அரசு 2022இல் திருத்தி, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. வீட்டு மின்சாதனங்களின் பட்டியல் முன்னிலும் விரிந்திருக்கிறது. மறுசுழற்சி செய்வோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு கடைக்காரர்கள் இதைச் சுமையாக எண்ணி ஒதுங்கினால், தொழில் பெரிய முதலாளிகளின் கைக்குப் போய்விடும் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

கடைசியாக, நம் ஜமாஅத்துகளுக்கு உரிய ஒரு மஸ்அலா. பள்ளிவாசல் ஹவுளுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுவிட்டால், பழையதைக் கடைக்குத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதே இன்று வழக்கமாகி வருகிறது. மோட்டார் பள்ளியின் வருமானத்தில் வாங்கப்பட்டதாயின், பள்ளியின் நலன் கருதி விற்க நிர்வாகிக்கு இடம் உண்டு. ஒருவர் வக்ஃபாகக் கொடுத்ததாயின் விஷயம் கடினம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் இதற்கு நிகரான ஒரு சட்டத்தைத் தருகிறார்கள். பள்ளிவாசலின் பாய்கள் நைந்துபோனாலும், அதன் உத்தரங்கள் முறிந்து எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாமற் போனாலும், அவற்றை விற்கலாம் என்பதே மிகச் சரியான கருத்து என்கிறார்கள். எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாமை என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். சுருள் கருகிய மோட்டார் அந்நிலையை அடைந்துவிட்டதா? கூடும் தண்டும் நலமாயிருக்க, மறுசுற்றால் ஓடக்கூடியதாயிருக்க, அதை முறிந்த உத்தரத்தோடு ஒப்பிடுவது கியாஸுக்குப் பொருந்தாது. முதலில் வைண்டிங் கடைக்காரரிடம் காட்ட வேண்டும். கூடு வெடித்தது, தகடு உருகியது, இனி ஆகாது என்று அவர் சொன்ன பிறகே கடைக்குப் போகலாம்.

மறுசுற்றுச் செய்யும்போது அறுத்தெடுத்த பழைய செம்புக் கம்பியும் பள்ளிவாசலின் உடைமையே. அதைக் கூலியோடு சேர்த்து விட்டுவிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. கடைக்காரர்மேல் குற்றமில்லை, யாரும் கேட்பதில்லை. கம்பியை நிறுத்து, அதன் விலையைக் கூலியில் கழித்து, முதவல்லியின் கணக்குப் புத்தகத்தில் தனி வரியாக எழுத வேண்டும். ஏடன் வணிகர் தம் உடைந்த கெண்டிக்குக் கால் ராத்தல் வரை எழுதிக் கேட்டது சொந்தச் சொத்துக்கு, இது வக்ஃபு.